போலீஸ் சுட்டால் முதல்வர் பதவி விலகணுமா? 1954-ல் ஒரு சோஷலிஸ்ட் அரசை உலுக்கிய கேள்வி: யார் இந்த பட்டம் தாணு பிள்ளை?

பனவடலிசத்திரத்தில் பஸ் ஏறி சங்கரன்கோவில், தென்காசி வழியாக செங்கோட்டைக்குப் போறவங்களுக்கு இன்னைக்கு அது ஒரே மாவட்டத்துக்குள் நடக்கிற பயணம். 2019 நவம்பரில் தென்காசி மாவட்டம் உருவானபோது சங்கரன்கோவிலும் செங்கோட்டையும் அதற்குள் வந்தன. ஆனா 1956 அக்டோபர் 31 வரைக்கும் செங்கோட்டை வேற மாநிலம். தென்காசியைத் தாண்டி சில கிலோமீட்டர் போனாலே திருவிதாங்கூர்-கொச்சி வந்துவிடும். அங்கே முதலமைச்சர் வேற, போலீஸ் வேற, பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கும் பாடமும் வேற.

அந்த எல்லை எப்படி மாறியது என்று கேட்டால் மார்ஷல் நேசமணி பெயரைச் சொல்வோம். சரிதான். ஆனா அந்தக் கதையில் எதிர்ப்பக்கம் இருந்தவரைப் பற்றி நாம அதிகம் பேசுறதில்லை. அவர் ராஜாவும் இல்லை, வெள்ளைக்காரரும் இல்லை. சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போனவர். 1954-ல் முதலமைச்சராக இருந்தபோது ஒரு சோஷலிஸ்ட் கட்சியின் தலைவர். அவர் ஆட்சியில்தான் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது.

அவர் பெயர் பட்டம் தாணு பிள்ளை. அவரைப் பதவி விலகச் சொல்லி முதலில் தந்தி அடித்தவர்களில் ஒருவர் எதிர்க்கட்சிக்காரர் அல்ல. அவருடைய கட்சியின் அகில இந்தியப் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியா.

மூன்று முறை ஆட்சி, மூன்று வேறு வேறு மாநிலங்கள்

'பட்டம்' என்பது திருவனந்தபுரத்தில் ஒரு பகுதியின் பெயர். அவர் 1885 ஜூலை 15-ல் அங்கே பிறந்தவர் என்பதால் அது பெயரோடு ஒட்டிக்கொண்டது. தாணு என்ற பெயரைக் கேட்டதும் நமக்கு சுசீந்திரம் தாணுமாலயன் ஞாபகம் வரும். அந்தக் காலத் தென் திருவிதாங்கூரில் தமிழும் மலையாளமும் அந்த அளவுக்குக் கலந்துதான் கிடந்தன.

தொழில் வக்கீல். 1938-ல் திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் தொடங்கியபோது அதன் முதல் தலைவர். அப்போது திவான், சர் சி.பி. ராமசாமி ஐயர். மக்களுக்குப் பொறுப்பான ஆட்சி வேணும் என்று ஸ்டேட் காங்கிரஸ் போராட்டத்தில் இறங்க, தாணு பிள்ளை உள்ளிட்ட தலைவர்கள் கைது செய்யப்பட்டார்கள். அதே 1938 ஆகஸ்ட்டில் நெய்யாற்றின்கரையில் கூட்டத்தின் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. சொந்த மக்களைச் சுடுகிற அரசுக்கு ஆள யோக்கியதை இல்லை என்பதுதான் அன்றைய போராட்டத்தின் அடிநாதம். இந்த 1938-ஐ கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க.

1947-ல் திருவிதாங்கூரைத் தனி நாடாக அறிவிக்கப் பார்த்த சி.பி., வெட்டுக் காயத்தோடு பதவியை விட்டுப் போனார். அடுத்த ஆண்டு வயது வந்த எல்லாருக்கும் ஓட்டு என்ற அடிப்படையில் தேர்தல் நடந்தது. 1948 மார்ச் 24-ல் தாணு பிள்ளை ஆட்சிப் பொறுப்புக்கு வந்தார். அப்போ அந்தப் பதவிக்குப் பெயர் 'பிரதமர்'. ஏழு மாதம்கூட முழுசா ஓடவில்லை. சொந்தக் கட்சிக்காரர்களே திரும்பிவிட, அக்டோபரில் விலகினார்.

பிறகு காங்கிரஸை விட்டு வெளியேறி சோஷலிஸ்ட்டுகள் பக்கம் வந்தார். 1952-ல் சோஷலிஸ்ட் கட்சியும் கிருபளானியின் கிசான் மஸ்தூர் பிரஜா கட்சியும் இணைந்து பிரஜா சோஷலிஸ்ட் கட்சி ஆனபோது, திருவிதாங்கூர்-கொச்சியில் அதன் முகம் இவர்தான். இரண்டாவது ஆட்சி 1954-ல், மூன்றாவது 1960-ல். திருவிதாங்கூர், திருவிதாங்கூர்-கொச்சி, கேரளா என ஒரே மண்ணில் மூன்று பெயர்களில் இருந்த மூன்று அரசுகளுக்கும் தலைமை தாங்கியவர் இவர். நாம இங்கே பார்க்க வேண்டியது இரண்டாவதைத்தான்.

19 எம்.எல்.ஏ.க்களுடன் முதலமைச்சர்

1954 தேர்தலில் 117 இடங்களில் காங்கிரஸுக்கு 45, கம்யூனிஸ்ட்டுகளுக்கு 23, பிரஜா சோஷலிஸ்ட்டுகளுக்கு 19. நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸுக்கு 12. யாருக்கும் பெரும்பான்மை இல்லை.

கம்யூனிஸ்ட்டுகள் ஆட்சிக்கு வந்துவிடக் கூடாது என்பது காங்கிரஸின் கவலை. தானே ஆட்சி அமைக்கவும் பலம் போதாது. ஆகவே 19 பேர் வைத்திருந்த தாணு பிள்ளைக்கு வெளியிலிருந்து ஆதரவு தந்தது. தேர்தலில் எந்தக் கட்சியை எதிர்த்து ஓட்டுக் கேட்டாரோ, அந்தக் கட்சியின் தயவில் 1954 மார்ச்சில் முதலமைச்சர் ஆனார். நாட்டிலேயே பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் ஆட்சி இருந்தது அப்போது இங்கே மட்டும்தான். வட இந்தியாவில் இருந்த சோஷலிஸ்ட் தலைவர்களுக்கு இது ஒரு பரிசோதனைக் கூடம் மாதிரி.

இந்த ஏற்பாட்டில் இருந்த சிக்கலைப் பாருங்க. காங்கிரஸ் எந்த நாளும் ஆதரவை இழுத்துக்கொள்ளலாம். சட்டசபையில் பெரும்பாலானவர்கள் மலையாளம் பேசும் தொகுதிகளிலிருந்து வந்தவர்கள். தமிழ்ப் பகுதிகளை விட்டுக்கொடுப்பவர் என்று பெயர் வாங்கினால் முதல்வர் நாற்காலி நிற்காது. தமிழர் கோரிக்கை கையில் வந்தபோது தாணு பிள்ளை எந்தப் பக்கம் சாய்வார் என்பது ஆட்சி அமைந்த நாளிலேயே ஏறக்குறைய முடிவாகிவிட்டது.

ஆகஸ்ட் 11

மொழிவாரி மாநிலங்கள் எப்படி அமையணும் என்று ஆராய 1953 டிசம்பரில் ஃபசல் அலி தலைமையில் மாநிலங்கள் மறுசீரமைப்பு ஆணையம் அமைக்கப்பட்டிருந்தது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேரணும் என்பது தமிழர் தரப்புக் கோரிக்கை. செங்கோட்டையிலிருந்து சட்டநாத கரையாளர் போன்றவர்கள் இதில் முன்னால் நின்றார்கள். (1911-ல் மணியாச்சியில் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனும் இதே செங்கோட்டைக்காரர்தான். அப்போ அது திருவிதாங்கூர் சமஸ்தானம்.)

ஆணையம் வேலை செய்துகொண்டிருந்த நேரத்தில் இரண்டு தரப்புக்கும் அவசரம். இந்த இந்த ஊர்களில் யார் அதிகம், மக்கள் என்ன கேட்கிறார்கள் என்பதை ஆணையத்துக்குக் காட்டியாக வேண்டும். 1954 ஜூலையில் தேவிகுளம் பகுதியில் தடையை மீறிக் கூட்டம் நடத்தியதற்காக நேசமணியும் தோழர்களும் கைதானார்கள். அந்தக் கைது தெற்கே நெருப்பு மூட்டியது. ஆகஸ்ட் 11-ஐ விடுதலை நாளாகக் கடைப்பிடிக்க திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் அழைப்பு விடுத்தது. கடையடைப்பு, ஊர்வலம், மறியல் நடந்தன. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது.

கூட்டம் வன்முறையில் இறங்கியது, வேறு வழியில்லை என்றது அரசு. எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் அரசுக் கணக்கும் போராட்டக்காரர்கள் கணக்கும் அன்றைக்கே ஒத்துப்போகவில்லை, இன்றைக்கும் ஒத்துப்போவதில்லை. அதன்பின் தமிழ்ப் பகுதிகளில் கைதுகளும் வழக்குகளும் தொடர்ந்தன.

1938-ல் போலீஸ் சுட்டபோது சிறைக்குப் போன தலைவர், 1954-ல் போலீஸ் சுட்டபோது முதல்வர் நாற்காலியில் இருந்தார்.

சிறையிலிருந்து வந்த தந்தி

அந்த நேரத்தில் லோகியாவும் சிறையில்தான் இருந்தார். உத்தரப் பிரதேசத்தில் பாசன வரியை உயர்த்தியதை எதிர்த்து, கூடுதல் வரியைக் கட்டாதீர்கள் என்று விவசாயிகளிடம் பேசியதற்காக ஜூலையில் கைது செய்யப்பட்டிருந்தார். (அந்த வழக்கு 1960-ல் உச்ச நீதிமன்றம் வரை போனது. பேச்சுரிமை பற்றிய முக்கியத் தீர்ப்புகளில் அது ஒன்று. சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள்.)

நைனி சிறையில் இருந்தபடியே அவர் தாணு பிள்ளைக்குத் தந்தி அனுப்பினார். துப்பாக்கிச் சூட்டுக்குப் பொறுப்பேற்று அரசு பதவி விலக வேண்டும், நீதி விசாரணை நடக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

ஏன் அப்படிக் கேட்டார்? லோகியாவின் வாதம் நேரடியானது. காங்கிரஸ் அரசுகள் மக்களைச் சுட்டபோதெல்லாம் சோஷலிஸ்ட்டுகள் கண்டித்தார்கள். இப்போ நம்ம அரசும் அதையே செய்துவிட்டு, 'கூட்டம் கல்லெறிந்தது' என்று காங்கிரஸ் சொன்ன அதே பதிலைச் சொன்னால் இரண்டு கட்சிக்கும் என்ன வித்தியாசம்? நிராயுதபாணிக் கூட்டத்தின் மீது சுடுவதை சுதந்திர இந்தியாவில் ஒரு சாதாரண நிர்வாக நடவடிக்கையாக ஆக்கிவிடக் கூடாது. அதைத் தடுக்க ஒரு முன்னுதாரணம் தேவை. அந்த முன்னுதாரணத்தை நாமே வைப்போம், ஒரு அரசு போனால் போகட்டும் என்றார்.

தாணு பிள்ளை மறுத்துவிட்டார். அவர் தரப்பிலும் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. எங்கோ ஒரு இடத்தில் போலீஸ் எடுத்த முடிவுக்கு மொத்த அமைச்சரவையும் ராஜினாமா செய்வது என்றால், கலவரத்தைத் தூண்டியே எந்த அரசையும் கவிழ்த்துவிடலாமே என்ற கேள்வி கட்சிக்குள் பலருக்கும் இருந்தது. நாட்டில் இருக்கிற ஒரே ஒரு சோஷலிஸ்ட் ஆட்சியை நாமே கலைப்பதா என்ற தயக்கமும் சேர்ந்துகொண்டது. கட்சித் தலைமை சம்பவத்துக்கு வருந்தியது. ஆனா பதவி விலகச் சொல்லவில்லை.

லோகியா பொதுச் செயலாளர் பொறுப்பிலிருந்து விலகினார். 1954 நவம்பரில் நாக்பூரில் கூடிய கட்சியின் சிறப்பு மாநாடு இதை விவாதித்தது. காரசாரமான விவாதம், வாக்கெடுப்பு. லோகியா தரப்பு தோற்றது. கிருபளானி தலைவர் பதவியிலிருந்து விலக, ஆசார்ய நரேந்திர தேவ் தலைவர் ஆனார்.

இதில் ஒரு விஷயம் தமிழர்களான நமக்கு முக்கியம். லோகியா மொழிப் பிரச்சினையில் இந்தியை வலியுறுத்தியவர், ஆங்கிலத்தை அகற்றச் சொன்னவர். அதனால தமிழ்நாட்டில் அவருக்கு நல்ல பெயர் இல்லை. ஆனா மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் செத்த தமிழர்களுக்காகத் தன் கட்சிக்குள்ளேயே நின்று சண்டை போட்டு, பதவியையும் விட்டவர் அவர்தான். இதை நம்ம பாடப் புத்தகங்களில் தேடினாலும் கிடைப்பது கஷ்டம்.

பதினோரு மாதத்தில் கவிழ்ந்த ஆட்சி

கட்சியின் மானத்தை அடகு வைத்துக் காப்பாற்றிய ஆட்சி எத்தனை நாள் நின்றது? நாக்பூர் மாநாடு முடிந்து மூன்று மாதம்கூட இல்லை. 1955 பிப்ரவரியில் காங்கிரஸ் ஆதரவை விலக்கிக்கொண்டது. நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் அரசு தோற்றது. தமிழ்நாடு காங்கிரஸ் உறுப்பினர்களும் எதிரணியில்தான். பிப்ரவரி 10-ல் காங்கிரஸின் பனம்பிள்ளி கோவிந்த மேனன் முதல்வரானார்.

இதற்குச் சில வாரம் முன்னால்தான் சென்னைக்குப் பக்கத்தில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி, 'சோஷலிச மாதிரி சமுதாயம்' தங்கள் லட்சியம் என்று அறிவித்திருந்தது. கொள்கையையும் காங்கிரஸ் எடுத்துக்கொண்டது, ஆட்சியையும் எடுத்துக்கொண்டது என்று சோஷலிஸ்ட்டுகளின் நிலைமை ஆகிவிட்டது. காங்கிரஸோடு நெருங்குவதா, எதிர்ப்பதா என்று சண்டை முற்றியது. 1955-ல் மது லிமாயே இடைநீக்கம் செய்யப்பட்டார். லோகியாவும் வெளியேறி அந்த ஆண்டுக் கடைசியில் தனி சோஷலிஸ்ட் கட்சி தொடங்கினார். ஒருகாலத்தில் காங்கிரஸுக்கு மாற்று என்று பேசப்பட்ட இயக்கம் பிறகு பலமுறை இணைந்தது, பலமுறை உடைந்தது. முதல் பெரிய விரிசல் விழுந்ததற்கான காரணங்களில் மார்த்தாண்டமும் புதுக்கடையும் உண்டு.

வரைபடத்தில் என்ன நடந்தது?

ஆணையம் 1955 செப்டம்பர் 30-ல் அறிக்கை கொடுத்தது. தெற்கே நாலு தாலுகாக்களும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்துக்கு. தேவிகுளமும் பீர்மேடும் கேரளாவுக்கு. 1956 நவம்பர் 1-ல் இது அமலுக்கு வந்தது. நாலு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. செங்கோட்டை திருநெல்வேலி மாவட்டத்தில் சேர்ந்தது. அதிலும் முழுசா வரவில்லை, மலைக்கு மேற்கே இருந்த ஆரியங்காவு பகுதி கேரளாவிலேயே நின்றுவிட்டது.

தேவிகுளம், பீர்மேட்டில் தமிழர்கள் அதிகம் இருந்தும் ஏன் கிடைக்கவில்லை? அங்கிருந்த தமிழர்களில் பெரும்பகுதி தேயிலைத் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்து போகிறவர்கள், நிலையான குடிகள் அல்ல என்ற வாதத்துக்கு ஆணையம் இடம் கொடுத்தது. அந்த மலைகளின் தண்ணீரும் மின்சாரமும் கேரளாவின் பொருளாதாரத்துக்கு அவசியம் என்பதும் ஒரு காரணம். காமராஜர் சொன்னதாகச் சொல்லப்படும் 'குளமாவது மேடாவது' என்ற வார்த்தை இன்னும் மேடைகளில் சுற்றுகிறது. முல்லைப் பெரியாறு அணை இருப்பது பீர்மேடு தாலுகாவில். அணை விவகாரம் கிளம்பும்போதெல்லாம் தேனிப் பக்கம் இந்தப் பழைய கணக்கு திரும்பவும் பேசப்படுவதற்கு இதுதான் காரணம்.

இந்த மலைகளில் தாணு பிள்ளைக்கும் ஒரு பங்கு உண்டு. உணவுப் பற்றாக்குறைக் காலம் அது. உயர்மலைப் பகுதிகளில் கீழ்நாட்டு மக்களுக்கு நிலம் கொடுத்துக் குடியேற்றும் திட்டத்தை அவர் அரசு நடத்தியது. நெடுங்கண்டம் பக்கத்தில் கல்லாரில் உருவான குடியிருப்புக்கு அவர் பெயரிலேயே 'பட்டம் காலனி' என்று பெயர். நிலமில்லாத ஏழைக்கு நிலம் கிடைத்தது என்பது மலையாளிகள் நினைவு. ஆணையம் வந்து எண்ணுவதற்கு முன்னால் ஆட்களை ஏற்றி கணக்கை மாற்றினார்கள் என்பது தமிழர் நினைவு. என் பார்வையில் இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. ஒரே திட்டம் இரண்டு வேலையையும் செய்ய முடியும்.

மூன்றாவது ஆட்சி

1957-ல் ஈ.எம்.எஸ். தலைமையில் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தது. அதை எதிர்த்து நடந்த 'விமோசன சமரத்தில்' தாணு பிள்ளையின் கட்சியும் இறங்கியது. அந்தப் போராட்டத்திலும் போலீஸ் துப்பாக்கிச் சூடுகள் நடந்தன. சுட்ட அரசு வெளியேற வேண்டும் என்பது எதிர்க்கட்சிகளின் முக்கியக் கோஷங்களில் ஒன்றானது. 1954-ல் லோகியா கேட்டது இப்போ கம்யூனிஸ்ட்டுகளை நோக்கித் திரும்பியிருந்தது. 1959 ஜூலை 31-ல் மத்திய அரசு ஈ.எம்.எஸ். ஆட்சியைக் கலைத்தது.

1960 தேர்தலில் காங்கிரஸுக்கு 63, பிரஜா சோஷலிஸ்ட்டுகளுக்கு 20, முஸ்லிம் லீகுக்கு 11. கம்யூனிஸ்ட்டுகள் 29. கூட்டணியில் பெரிய கட்சி காங்கிரஸ். ஆனா பிப்ரவரி 22-ல் முதல்வரானவர் 74 வயது தாணு பிள்ளை. கூட்டணி அரசியலில் சின்னக் கட்சித் தலைவர் முதல்வராவது நமக்கு இப்போ புதுசு இல்லை, அன்றைக்கு அது புதுசு.

இந்த ஆட்சியில்தான் இன்னொரு திருப்பம். 1961-ல் இடுக்கி மின்திட்டத்துக்காக அய்யப்பன்கோவில் பகுதியில் குடியேறியிருந்த குடும்பங்களை அரசு வெளியேற்றி, குமுளிக்கு அருகே அமராவதியில் மழையில் கொண்டுபோய் விட்டது. ஏ.கே. கோபாலன் அங்கேயே உண்ணாவிரதம் உட்கார்ந்தார். ஏழு வருஷத்துக்கு முன் மலையேறச் சொன்னதும் தாணு பிள்ளை அரசு, இப்போ இறக்கிவிட்டதும் தாணு பிள்ளை அரசு.

1962 செப்டம்பரில் அவரை பஞ்சாப் ஆளுநராக்கினார்கள். போய்விட்டார். காங்கிரஸின் ஆர். சங்கர் முதல்வரானார். கொஞ்ச நாளிலேயே பிரஜா சோஷலிஸ்ட் கட்சி கூட்டணியை விட்டு வெளியேறியது. கேரளாவில் அந்தக் கட்சி அதற்குப் பிறகு பழைய பலத்துக்கு வரவே இல்லை. தலைவர் 1964-ல் ஆந்திர ஆளுநராக மாறி 1968 வரை இருந்தார்.

இப்போ ஏன் இதைப் பேசணும்?

நம்ம தென்மாவட்டங்களையே எடுத்துக்கோங்க. 1999 ஜூலை 23-ல் மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் நடந்த ஊர்வலத்தில் போலீஸ் தடியடி நடத்த, தாமிரபரணியில் 17 பேர் இறந்தார்கள். 2018 மே மாதம் தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டில் 13 பேர். ஒன்று தி.மு.க. ஆட்சியில், மற்றது அ.தி.மு.க. ஆட்சியில். இரண்டுக்கும் விசாரணை ஆணையம் வந்தது, நிவாரணம் வந்தது. தூத்துக்குடி பற்றிய அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கை 2022-ல் சட்டசபையிலும் வைக்கப்பட்டது. எந்த முதல்வரும் பதவி விலகவில்லை. ஆளும் கட்சியின் உயர் பொறுப்பில் இருந்த ஒருவர், 'நம்ம அரசு விலகணும்' என்று தந்தி அடித்ததும் இல்லை.

எதிர்க்கட்சியாக இருக்கும்போது கேட்பதும், ஆளும் கட்சியாக இருக்கும்போது மறுப்பதும் நமக்குப் பழகிப்போன விஷயம். 1954-ல் நடந்தது வேற. ஒரு கட்சி அந்தக் கேள்வியைத் தன்னிடமே கேட்டு, மாநாடு கூட்டி, ஓட்டுப் போட்டு, 'வேண்டாம்' என்று முடிவெடுத்தது. அந்த முடிவு எழுத்தில் இருக்கிறது.

தாணு பிள்ளை 1970 ஜூலை 27-ல் திருவனந்தபுரத்தில் காலமானார். லோகியா அதற்கு முன்பே, 1967 அக்டோபரில் போய்விட்டார். ஆகஸ்ட் 11 வந்தால் கன்னியாகுமரி மாவட்டத்தில் தியாகிகளுக்கு அஞ்சலி செலுத்துகிறார்கள். அதே நாளில் கல்லாரில், பட்டம் காலனியில், நிலம் கொடுத்த முதல்வரை நினைக்கும் குடும்பங்களும் இருக்கின்றன.